பிலோமினா மேடமும் சாய்ந்த சக்கரமும்

"வீலு சாஞ்சிருந்தா நான்தான் சாச்சேன்னு அர்த்தமா சார்?"

என்னிடம் இப்படிக் கேட்டவர் கன்னியப்பன் என்ற ஓட்டுநர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வாகனப் பாடம் நடத்திய பயிற்சி மையத்தின் பட்டறையில், ஜாக்கியில் தூக்கி நிறுத்திய ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். ஜீப்புக்கு அடியிலிருந்து பிலோமினா மேடத்தின் குரல் வந்தது.

"அதத்தான் பாத்துக்கினு இருக்கேன். கொஞ்சம் சும்மா இருங்க ரெண்டு பேரும்."

போன வாரம் ஒரு நாள் காலையில், திருநின்றவூரில் மகள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை என் பொறுப்பு. தணிகாசலம் போனில் கூப்பிட்டார். மையத்தில் ஸ்டோர் பார்த்தவர், அதிகம் பேசாதவர். "சார், பிலோமினா மேடம் போயிட்டாங்க. விடியக்காலைல. நாளைக்கு மதியம் அடக்கம். வருவீங்க இல்ல?" என்றார். வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய முகம்கூட இல்லை. ஜீப்புக்கு அடியிலிருந்து வந்த அந்தக் குரல்தான்.

இதைப் படிப்பவர்களில் பலர் எங்கள் மையத்தில் படித்தவர்கள், உடன் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு பிலோமினாவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் வகுப்பில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்வது எனக்குப் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பெற்றோர் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பிறகு அப்பாவுக்கு ஓர் இரும்பு உருட்டாலையில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பிலோமினா வாகனப் பொறியியலில் டிப்ளமோ முடித்து, திருவள்ளூரில் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் சில காலம் இருந்துவிட்டு, செய்முறைப் பயிற்சியாளராக எங்களிடம் வந்தார். என்னைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளையவர். அவரைப் பற்றி நான் இப்படி எழுத நேர்ந்தது முறையான வரிசை இல்லை.

சேர்ந்த அன்றைக்கே ஒரு சக ஆசிரியர், அக்கறையாகத்தான், "சக்கரம், கியர் பாக்ஸ் எல்லாம் தூக்கறது கஷ்டமாச்சே மேடம், வருகைப் பதிவு மாதிரி வேலை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார். "ஜாக்கி தூக்கும் சார். நான் எதுக்குத் தூக்கணும்?" என்றார் பிலோமினா. கேட்டவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

காலையில் நான் கரும்பலகையில் பாடம் நடத்துவேன். மதியம் அதே பிள்ளைகளை அவர் பட்டறைக்கு அழைத்துப் போவார். எனக்கு அவர் வைத்திருந்த பெயர் 'போர்டு சார்'. "போர்டு சார் போட்ட படத்துல வண்டி நல்லா ஓடுது. வாங்க, இங்க ஓடுதான்னு பாக்கலாம்" என்று சொல்லித்தான் மதிய வகுப்பைத் தொடங்குவார். நான் வாசலில் நிற்கிறேன் என்று தெரிந்தே சொல்வார்.

கேம்பர் பாடத்தை அவர் நடத்திய விதத்தை ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தேன். வண்டிக்கு நேர் முன்னால் நின்று பார்த்தால், முன்சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, அதன் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பதுதான் கேம்பர். காலையில் நான் கோடு போட்டு, கோணம் குறித்து, கூட்டல் கழித்தல் குறிகளோடு விளக்கியிருந்தேன். அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே போகவில்லை. எல்லாரையும் செருப்பைக் கழற்றி, அடிப்பக்கம் மேலே தெரிய, பட்டறை வாசலில் வரிசையாக வைக்கச் சொன்னார்.

"இது யாருது? வெளிப்பக்கம் குதி தேஞ்சிருக்கு. கால அகட்டி நடக்கறவரு. இது உள்பக்கம் தேஞ்சிருக்கு. முட்டி ரெண்டும் இட்ச்சிக்கும். டயரும் செருப்புதான். தல உள்ள சாஞ்சா உள் ஓரம் தேயும், வெளிய சாஞ்சா வெளி ஓரம் தேயும். வண்டி எப்படி நடக்குதுன்னு டயரப் பாத்து சொல்லணும்."

பிறகு வாசலைப் பார்த்து, "போர்டு சார், உங்க செருப்பையும் கழட்டுங்க" என்றார். கழற்றினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வகுப்பிடம் சொன்னது: "சார் நடந்து வர்றத பின்னாலேர்ந்து பாத்திருக்கீங்களா? வாத்து." அந்த ஆண்டு முடியும்வரை நான் நடைகூடத்தில் போகும்போது பின்னால் ஒரு 'குவாக்' சத்தம் கேட்கும். அந்த வகுப்பில் கேம்பர் கேள்விக்கு யாரும் தவறாக எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவருக்கும் தவறியிருக்கிறது. மையத்தின் முதல்வருடைய காரில் முன்பக்கம் ஒரு கிரீச் சத்தம். ஓட்டிப் பார்த்துவிட்டு, "பேரிங் போச்சு, சந்தேகமே இல்ல" என்றார். பேரிங்கைக் கழற்றினால் அது புதிது போல இருக்கிறது. கடைசியில் பிரேக் தட்டுக்கும் அதன் மூடிக்கும் நடுவே ஒரு சின்ன ஜல்லிக் கல். அந்தக் கல்லை அவர் தன் மேசைமேல் வெகுகாலம் வைத்திருந்தார். யாராவது 'சந்தேகமே இல்ல' என்று சொன்னால் போதும், கல்லை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுவார்.

இனி ஜீப்புக்கு வருகிறேன். அதற்குமுன் ஷிம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைக்கிறோம் அல்லவா, அந்தக் காகிதம்தான் ஷிம். இடைவெளியை நிரப்பும் தகடு. சாதாரணக் கார்களில் சக்கரத்தின் சாய்வை மாற்றத் திருகாணிகள் வைத்திருப்பார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய மாதிரி ஜீப்புகளில் அந்த வசதி கிடையாது. முன்னாலும் ஒரே இரும்புக் குழாய்தான் ஆக்ஸில். அதன் இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கும் ஹப். சக்கரம் சாய்ந்திருந்தால், ஹப்பைக் கழற்றி, அதன் பின்னால் மோதிரம் போல ஒரு தகட்டை வைத்துப் பூட்ட வேண்டும். அந்த மோதிரம் ஒரு பக்கம் தடிமனாகவும் எதிர்ப்பக்கம் மெலிதாகவும் இருக்கும். தடித்த பக்கம் மேலே இருந்தால் சக்கரத்தின் தலை வெளியே தள்ளப்படும். கீழே இருந்தால் தலை உள்ளே வரும். இஷ்டத்துக்குத் தடியாகவும் போட முடியாது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டு அந்த மோதிரத்தின் நடுவில்தான் போகிறது, கோணம் கூடினால் அது உரசும்.

தடித்த பக்கத்துக்கும் மெலிந்த பக்கத்துக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். நின்று பார்த்தால் தெரியும். நின்று பார்க்க வேண்டாம் என்பதற்காக பிலோமினா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஷிம் ஸ்டோருக்கு வந்ததும் தணிகாசலம் தடித்த பக்கத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிடுவார். தலை வெளியே வர வேண்டும் என்றால் 'புள்ளி மேல' என்று சொன்னால் போதும். பட்டறையில் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

சனிக்கிழமைகளில் வெளி வண்டிகளுக்கும் எங்கள் பட்டறையில் வேலை பார்ப்பது உண்டு. பிள்ளைகளுக்கு நிஜ வண்டி பார்த்த மாதிரி ஆகும், மையத்துக்கும் பெயர். ஊத்துக்கோட்டைப் பக்கம் மின்கம்பி பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த சீனிவாசலு என்பவரின் ஜீப் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் வந்தது. ஆட்களும் கம்பிச் சுருளும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையிலும் வயல் சேற்றிலும் போகிற வண்டி. இடது முன்சக்கரத்தின் தலை கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தது. வயதும் பாரமும் சேர்ந்தால் அப்படி ஆவது சகஜம். ஒரு ஷிம் வைத்துப் பூட்டி அனுப்பினார்கள்.

மழைக்காலம் முடிந்து அதே ஜீப் திரும்பி வந்தது. ஆட்களோடு போய்க்கொண்டிருக்கும்போது இடது முன் டயர் காற்று இறங்கி வண்டி ஓரமாக இழுத்திருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. டயரைக் கழற்றிப் பார்த்தால் வெளி ஓரம் நன்றாக இருக்கிறது, உள் ஓரம் கம்பி தெரியும்வரை தேய்ந்திருக்கிறது. நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் காட்டியிருக்கிறார்கள். சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கிறது, ஆக்ஸில் வளைந்திருக்கும், எங்கேயோ பள்ளத்தில் இறக்கியிருப்பார்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

சீனிவாசலு கெட்டவர் இல்லை. அவருடைய கணக்கு எளிமையானது. "மேடம், மழைக்கு முன்னாடி நீங்கதான் நேர் பண்ணி குட்த்தீங்க. இங்க செஞ்ச வேல தப்பாவாது, எனக்குத் தெரியும். நேரா போன சக்கரம் மறுபடி சாஞ்சி வந்திருக்குன்னா யாரு சாச்சது? ஆக்ஸில் வளஞ்சிருக்கு, அந்த ஒரு வார்த்த சொல்லுங்க. இவர இன்னியோட அனுப்பிட்றேன்." பக்கத்தில் நின்ற கன்னியப்பனைப் பார்த்து, "நைனா, உம்மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல" என்றும் சொன்னார்.

"கோவம் இல்லாமலே வேலய உட்டு அனுப்பறீங்களே ஓனர், கோவம் வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்றார் கன்னியப்பன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார், நிறுத்தவில்லை. அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. வண்டியை இடித்து ஆக்ஸிலை வளைத்தவன் என்ற பெயர் ஒரு முறை வந்துவிட்டால், அந்த வட்டாரத்தில் நான்கு சக்கர இழுவை வண்டியை யாரும் அவரை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். பேச்சு வண்டியைவிட வேகமாகப் போகும்.

சாய்வை அளக்கும் மானியை வைத்துப் பார்த்தோம். சாய்வு இருந்தது, மழைக்கு முன்னால் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. சீனிவாசலு என் முகத்தைப் பார்த்தார். "பெரும்பாலும் ஆக்ஸில் வளைந்தால்தான் இப்படி..." என்று நான் தொடங்கினேன்.

"பெரும்பாலும்னா மத்த வண்டிக்கெல்லாம் சார். இந்த வண்டிக்கு?" என்று கேட்டுவிட்டு பிலோமினா அடியில் போய்ப் படுத்துவிட்டார். அப்போதுதான் கன்னியப்பன் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

முதலில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார் பிலோமினா. பேரிங்கில் ஆட்டம் இல்லை. பிறகு ஹப்பைக் கழற்றினார். ஷிம் வெளியே வந்தது. மஞ்சள் புள்ளி மேலேதான் இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில். அதைத் துடைத்துத் தனியாக வைத்துவிட்டு, ஷிம் இல்லாமலே ஹப்பைப் பூட்டி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி அளந்தார். ஷிம் இல்லாதபோது சாய்வு குறைந்திருந்தது. மழைக்கு முன்னால் இருந்த அதே கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான். ஆக்ஸில் புதிதாக எங்கும் வளையவில்லை.

உங்களுக்குப் புரிந்திருக்கும். சாய்வைக் குறைக்க வைத்த தகடு சாய்வைக் கூட்டியிருந்தது.

பிலோமினா அந்த மோதிரத்தைக் கையில் எடுத்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். தணிகாசலத்திடம் தடிமன் அளக்கும் வெர்னியர் கேட்டார். புள்ளி இருந்த இடத்தில் அளந்தார். எதிர்ப்பக்கம் அளந்தார். என்னிடம் நீட்டி, "நீங்க ஒருக்கா படிங்க சார்" என்றார். படித்தேன். புள்ளி இருந்தது மெலிந்த பக்கத்தில்.

நடந்தது இதுதான். அந்த முறை ஷிம்கள் வழக்கமான கடையில் கிடைக்காமல் வேறு கடையில் வாங்கப்பட்டிருந்தன. அந்தக் கடைக்காரர்களும் மஞ்சள் புள்ளி வைப்பவர்கள். ஆனால் அவர்கள் வழக்கம் மெலிந்த பக்கத்தில் வைப்பது. புள்ளி ஏற்கெனவே இருக்கிறதே என்று தணிகாசலம் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார். பட்டறையில் 'புள்ளி மேல' என்று பூட்டிவிட்டார்கள்.

முதல்வர் அலுவலகத்திலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் வெல்டிங் தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போனார். "திருப்பிப் போட்டு அனுப்பிடுங்க மேடம். சரியாயிடுச்சுன்னு சொன்னா போதும். விலாவாரியா எதுக்கு?"

"சரியாயிடுச்சுன்னு மட்டும் சொன்னா, ஓனர் இன்னா நெனப்பாரு சார்? டிரைவர் கெட்த்தாரு, நாம சரி பண்ணோம்னு நெனப்பாரு. அவரு நாளைக்கு வேலைல இருக்க மாட்டாரு."

"நம்ம பேரு?"

"நம்ம பேர நம்பித்தான் சார் அந்த ஆள அனுப்பப் பாக்கறாரு."

முதல்வர் என்னைப் பார்த்தார். மேடம் சொல்வது சரி என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிலோமினா அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரா, எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தாரா, எனக்குத் தெரியாது. கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஆக்ஸில் வளையலங்க. நாங்க உள்ள வெச்ச ஷிம் தலகீழா இருந்திச்சி. மழைக்கு முன்னாடியிலிருந்தே அப்படித்தான் ஓடியிருக்கு. பூட்டிட்டு மறுபடி அளக்காம அனுப்பினது நான். இவரு எங்கியும் இடிக்கல."

சீனிவாசலு ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்தார். "உள்ள ஆளுங்க இருந்தாங்களே மேடம்" என்றார்.

"ஆமா. தெரியும்."

அதற்குமேல் அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. புள்ளி, வேறு கடை, ஸ்டோர், அன்றைக்கு அவசரம், இவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை. நான் இடையில் புகுந்து புள்ளிக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் காட்டி நிறுத்தினார்.

கன்னியப்பன் அங்கே கிடந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். "அப்ப நான் நாளைக்கு வர்லாமா ஓனர்?"

"நாளைக்கு இன்னா நாளைக்கு? இப்ப இந்த வண்டிய யாரு ஓட்டினு போறது, நானா?" என்றார் சீனிவாசலு.

பிலோமினா மோதிரத்தைத் திருப்பி வைத்துப் பூட்டினார். சக்கரத்தை இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டச் சொல்லி, அது தன் எடையில் உட்கார்ந்த பிறகு அளந்தார். சீனிவாசலுவைக் கூப்பிட்டு மானியை அவரையே படிக்க வைத்தார். கன்னியப்பனையும் படிக்க வைத்தார். "ஓட்றவருக்குத் தெரியணும்" என்றார்.

அதன் பலன் வராமல் இல்லை. வெளி வண்டி வேலையை நிர்வாகம் நிறுத்திவிட்டது. பட்டறைப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது, பிலோமினாவுக்குத் திரும்பி வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. தணிகாசலம் தவறில் தன் பங்கையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று போய் நின்றபோது, பிலோமினா அவரைத் திட்டி அனுப்பினார். "புள்ளிய நம்புன்னு சொன்னது நானு. நீ அலமாரில வெச்ச. போய் வேலயப் பாரு." மிச்சமிருந்த ஷிம்களில் இருந்த மஞ்சள் புள்ளிகளைத் தின்னர் தொட்டுத் தானே அழித்தார். இனி யாரும் புள்ளி வைக்கக் கூடாது, பூட்டும் முன் தகட்டை அளக்க வேண்டும், பூட்டிய பிறகு சக்கரத்தை அளக்க வேண்டும் என்று ஆனது. "ஒரே வேலய ரெண்டு தடவ பண்றோம் மேடம்" என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். "மொத தடவ வண்டிய அளக்கறீங்க. ரெண்டாந் தடவ உங்கள அளக்கறீங்க" என்பார்.

ஒரு மாலை, கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது, பொறுப்பு போனது வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். பெரிய வார்த்தை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பேன் போலும்.

"வருத்தம் இல்லாம இருக்குமா சார்? ரெண்டு நாளு முதல்வர ஊட்ல உக்காந்து நல்லா திட்டினேன். அப்புறம் கன்னியப்பன் கொய்யாப்பழம் எடுத்துனு வந்தாரு, தோட்டத்துதுன்னு. அதுல பாதி புழு. அவரையும் திட்டினேன். சரியாப் போச்சு."

நான் ஓய்வு பெற்ற பிறகும் தொடர்பு விடவில்லை. அவருக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து, வாரத்தில் சில நாட்கள் சிகிச்சைக்குப் போய்வர ஆரம்பித்தபோது, ஒரு முறை வீட்டுக்குச் சென்று பார்த்தேன். மிகவும் மெலிந்திருந்தார். நோயைப் பற்றிப் பேச்சை எடுத்தால் ஒரு வரியில் முடித்துவிட்டார். என் நடையைப் பார்த்து, "இன்னா சார், வாத்து இன்னும் மோசமாயிருக்கு?" என்றார். முழங்கால் தேய்மானம், செருப்புக்குள் வைத்துக்கொள்ள ஒரு பக்கம் தடித்த அட்டை ஒன்றை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று.

"ஷிம் வெச்சிட்டாங்களா உங்களுக்கும்? தடிச்ச பக்கம் எதுன்னு பாத்து வெச்சீங்களா?"

"பார்த்தேன்."

"வெச்ச அப்புறம் நடந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவர் வீட்டு முற்றத்தில் இங்கும் அங்கும் என்னை நடக்க விட்டார். கட்டிலில் உட்கார்ந்தபடியே குனிந்து என் குதிகாலைப் பார்த்தார். இடது செருப்பில் சரி, வலது செருப்பில் அட்டை நகர்ந்திருக்கிறது என்றார். நகர்ந்துதான் இருந்தது. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அடக்கத்துக்குக் கடம்பத்தூரிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். பலர் வேலைச் சீருடையோடு, ஷிப்டுக்கு நடுவில். முதல்வரும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் என் பக்கத்தில் நின்றவர், "அந்தம்மா அன்னைக்கு என்னைக் கேக்கவே இல்ல சார்" என்றார். ஜீப் திரும்பி வந்த நாளைச் சொல்கிறார். கன்னியப்பன் வரவில்லை. ஆந்திரா பக்கம் ஒரு கல்குவாரியில் நான்கு சக்கர இழுவை வண்டிதான் ஓட்டுகிறாராம். செய்தி கேட்டுத் தணிகாசலத்திடம் போனில் பேசியிருக்கிறார்.

பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பாடம் நடத்துகிறவன் சொல்லி முடித்தவுடன் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வான். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். இப்போது பேரனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாலும், புரிந்ததா என்று கேட்பதோடு விடாமல், அவனையே இன்னொரு கணக்கு போடச் சொல்லிப் பார்க்கிறேன். அது அவருடைய பழக்கம். இன்னொன்றும் இருக்கிறது. ஒன்று கெட்டுப்போய் வந்து நிற்கும்போது, அதன் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பார்க்கும் முன் என் கை பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது. இது எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன்.

நீங்கள் ஒரு காரியம் செய்து பாருங்கள். உங்கள் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள். முன் டயரின் உள் ஓரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வெளி ஓரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இல்லையென்றால், ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன், வண்டியை அளக்கக் கொடுங்கள்.